டிஸ்ப்ளே மாற்றிய பிறகு போனில் இதெல்லாம் வேலை செய்யவில்லையா? பில் கட்டும் முன் 10 நிமிடம் ஒதுக்குங்கள்!

விடியற்காலையிலேயே கம்பம், கூடலூர், தேவாரம், போடி பக்கம் தெருமுனைகளில் தோட்டத்து ஜீப்புகள் வந்து நிற்கும். கையில் தூக்குச்சட்டி, தோளில் துண்டு, இடுப்பில் செருகிய சுருக்குப்பையில் போன். கம்பம்மெட்டு, குமுளி, போடிமெட்டு வழியாக இடுக்கி மாவட்டத்து ஏலத்தோட்டங்களுக்குப் போகும் பெண்களின் அன்றாடம் இது. மலைக்குப் போனவர்களுக்கும் வீட்டில் இருப்பவர்களுக்கும் நடுவே மாலை வரை இருக்கிற ஒரே தொடர்பு அந்த போன்தான்.

அந்த போன் ஒருநாள் சரிவில் நழுவிக் கல்லில் விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். திரை சிலந்தி வலை போல விரிசல் விட்டுவிட்டது. ஞாயிற்றுக்கிழமை மகன் டவுனுக்கு எடுத்துப்போய், ஒரு மணி நேரத்தில் புது டிஸ்ப்ளே போட்டுக்கொண்டு வந்துவிடுகிறான். பளபளவென்று இருக்கிறது. அம்மாவுக்கும் சந்தோஷம்.

திங்கட்கிழமைதான் சிக்கல் தெரிகிறது. காதில் வைத்துப் பேசும்போது திரை அணையவில்லை. கன்னம் பட்டு, பேசிக்கொண்டிருக்கும்போதே கால் கட்டாகிறது. கைரேகை வைத்தால் போன் திறக்கவில்லை. வெயிலில் திரை மங்கலாகத் தெரிகிறது. முன்பு ராத்திரி வரை நின்ற சார்ஜ், மதியமே தீர்ந்துவிடுகிறது.

“போர்டே போயிருச்சு போல, இனி புது போன்தான்” என்று வீட்டில் ஒருவர் சொல்வார். “கடைக்காரன் உள்ளே எதையோ கழற்றிவிட்டான்” என்பார் இன்னொருவர். பெரும்பாலும் இரண்டுமே சரியில்லை. டிஸ்ப்ளே மாற்றியபின் வரும் ஒவ்வொரு கோளாறுக்கும் தனித்தனிக் காரணம் உண்டு. சில, துடைத்தாலே சரியாகும். சில, திரும்பப் பிரித்துப் பூட்டினால் சரியாகும். சில, அந்த டிஸ்ப்ளே இருக்கும்வரை சரியாகவே ஆகாது. எது எந்த ரகம் என்று தெரிந்துகொண்டால் பணமும் மிச்சம், மனஸ்தாபமும் மிச்சம்.

திரை என்பது வெறும் கண்ணாடி இல்லை

நாம் ‘டிஸ்ப்ளே’ என்று சொல்வது பல அடுக்குகள் சேர்ந்த ஒரு தொகுப்பு. மேலே கண்ணாடி, அதன் கீழே விரலின் தொடுதலை உணரும் டச் அடுக்கு, அதற்கும் கீழே படத்தைக் காட்டும் பேனல். எல்லாம் ஒன்றாக ஒட்டப்பட்டு வருவதால்தான் கடைகளில் அதை ‘காம்போ’ என்கிறார்கள்.

இந்தத் தொகுப்பை ஒட்டியே போனின் புலன்கள் பலவும் இருக்கின்றன. மேல் விளிம்பில் காதுக்கான ஸ்பீக்கர், செல்ஃபி கேமரா, காது அருகில் வந்தால் உணரும் ப்ராக்ஸிமிட்டி சென்சார், சுற்றியுள்ள வெளிச்சத்தை அளக்கும் லைட் சென்சார். சில மாடல்களில் கைரேகை சென்சார் திரைக்கு அடியிலேயே இருக்கிறது. பழைய டிஸ்ப்ளேயைக் கழற்றும்போது இவற்றில் சில புதியதற்கு மாற்றப்பட வேண்டும். சில, புதிய கண்ணாடியின் வழியாக ‘பார்க்க’ வேண்டும். ஒரு நூலளவு பசை வழிந்தாலும், ஒரு சின்ன ரப்பர் விடுபட்டாலும் ஏதோ ஒரு புலன் மங்கிப்போகும்.

இனி ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

காதில் வைத்தால் திரை அணையவில்லையா?

ப்ராக்ஸிமிட்டி சென்சார், கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியை வெளியே அனுப்பும். கன்னத்தில் பட்டு அது திரும்பி வந்தால், ‘காது அருகில் இருக்கிறது’ என்று புரிந்துகொண்டு திரையை அணைக்கும். அந்த ஒளி போய்வர, கண்ணாடியின் கறுப்பு விளிம்பில் ஒரு சின்ன ஜன்னல் இருக்கும். மலிவான காப்பி கண்ணாடிகளில் அந்த ஜன்னல் சரியான மையில் அச்சாகியிருக்காது. சில நேரம் சென்சாரைச் சுற்றியிருந்த ரப்பர் பழைய டிஸ்ப்ளேயோடு போய்விடும். அப்போது ஒளி உள்ளேயே பிரதிபலித்து, போன் குழம்பிவிடும். அதனால்தான் சிலருக்குத் திரை அணைவதே இல்லை. சிலருக்கு கால் வந்ததும் அணைந்த திரை மீண்டும் எரிவதில்லை.

முதலில் டெம்பர் கிளாஸைக் கழற்றிவிட்டுப் பாருங்கள். மேல் விளிம்பை மெல்லிய துணியால் துடையுங்கள். போனை ஒருமுறை அணைத்துப் போடுங்கள். அப்படியும் சரியாகவில்லை என்றால், கடையில் திரும்பப் பிரித்து ரப்பரையும் ஸ்டிக்கரையும் பார்க்கச் சொல்லலாம். அது முறையான கோரிக்கைதான். அதுவரை சமாளிக்க, ஆண்ட்ராய்டு செட்டிங்ஸில் ‘அக்சஸிபிலிட்டி’ பகுதியில் பவர் பட்டனால் காலை முடிக்கும் வசதி பல போன்களில் இருக்கிறது, அதைப் போட்டுக்கொள்ளலாம்.

குறைந்த விலை போன்கள் சிலவற்றில் இந்த சென்சாரே தனியாக இருக்காது. டச் அடுக்கு, போனின் அசைவு போன்றவற்றை வைத்து மென்பொருளே ஊகித்துக்கொள்ளும். அத்தகைய போன்களில் இந்த வசதி முன்பும் சுமாராகத்தான் இருந்திருக்கும். அதனால், உடைவதற்கு முன் எப்படி இருந்தது என்பதை யோசித்துவிட்டுக் குறை சொல்வது நல்லது.

கைரேகை வேலை செய்யவில்லையா?

முதலில் உங்கள் போனில் கைரேகை சென்சார் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். பக்கவாட்டு பட்டனிலோ பின்புறத்திலோ இருந்தால், அதற்கும் டிஸ்ப்ளேக்கும் நேரடித் தொடர்பு இல்லை. பிரிக்கும்போது அதன் மெல்லிய ஃப்ளெக்ஸ் கேபிள் கழன்றிருக்கலாம் அல்லது கிழிந்திருக்கலாம். கழன்றிருந்தால் மாட்டினால் போதும்.

திரைக்கு அடியில் இருந்தால் கதையே வேறு. இந்த வகை போன்கள் 2018-லிருந்து சந்தைக்கு வருகின்றன. பெரும்பாலானவற்றில் இருப்பது ‘ஆப்டிகல்’ சென்சார். விரல் வைத்ததும் அந்த இடத்தில் திரை பளிச்சென்று எரியும். அந்த வெளிச்சம் விரலில் பட்டுத் திரும்பி, திரையின் புள்ளிகளுக்கு இடையே உள்ள நுண்ணிய இடைவெளி வழியாகக் கீழே இறங்கும். அங்குள்ள சின்ன கேமரா ரேகையைப் படம் பிடிக்கும்.

இது நடக்க, திரை ‘ஓஎல்இடி’ அல்லது ‘அமோலெட்’ வகையாக இருக்க வேண்டும். அதில் ஒவ்வொரு புள்ளியும் தானே எரியும் என்பதால் பின்னால் தனி விளக்கு தேவையில்லை. ஒளி ஊடுருவ வழி இருக்கும். அந்த இடத்தில் விலை குறைவு என்று ‘டிஎஃப்டி’ அல்லது ‘இன்செல்’ எனப்படும் எல்சிடி காப்பியைப் போட்டால், அதன் பின்னால் இருக்கும் பேக்லைட் தகடு சென்சாரை முழுதாக மறைத்துவிடும். அந்த போனில் கைரேகை இனி வேலை செய்யாது. எந்த செட்டிங்ஸும் எந்த அப்டேட்டும் உதவாது. இதை டிஸ்ப்ளே போடும் முன்பே கடைக்காரர் சொல்லியிருக்க வேண்டும். நாமும் கேட்டிருக்க வேண்டும்.

சரியான வகை டிஸ்ப்ளே போட்டும் வேலை செய்யவில்லை என்றால், பழைய ரேகைகளை அழித்துவிட்டுப் புதிதாகப் பதியுங்கள். சென்சாரும் திரையும் மீண்டும் ஒத்துப்போக அளவீடு செய்ய வேண்டிய மாடல்களும் உண்டு. பிக்சல் போன்களுக்கு இதற்கென்றே கூகுள் இணையத்தில் ஒரு கருவியை வைத்திருக்கிறது. வேறு சில பிராண்டுகளில் சர்வீஸ் சென்டரின் மென்பொருளால் மட்டுமே முடியும்.

திரைக்கு மேலே ஒட்டுகிற கண்ணாடியும் கைரேகையைப் பாதிக்கும். 2019 அக்டோபரில் சாம்சங் கேலக்ஸி எஸ்10 போன்களில் ஒரு வினோதம் வெளிவந்தது. சில சிலிகான் திரை உறைகளைப் போட்டிருந்தால், பதியாத விரலை வைத்தாலும் போன் திறந்தது. உறையின் வடிவத்தையே சென்சார் ரேகையாகப் படித்ததுதான் காரணம். சாம்சங் அப்டேட் கொடுத்து அதைச் சரிசெய்தது. ஆகவே டிஸ்ப்ளேயும் டெம்பர் கிளாஸும் மாற்றியபின், உங்கள் விரலுக்குத் திறக்கிறதா என்று பார்ப்பதோடு, அடுத்தவர் விரலுக்குத் திறக்காமல் இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். வங்கி ஆப் இருக்கிற போன் ஆயிற்றே!

இன்னொன்று. மண்ணிலும் மட்டையிலும் வருடக்கணக்கில் உழைத்த விரல்களில் ரேகை தேய்ந்திருக்கும். அம்மா, அப்பாவின் விரலை போன் ஏற்கவில்லை என்றால், மகனோ மகளோ ஒருமுறை தன் விரலைப் பதிந்து பார்க்கட்டும். அது வேலை செய்தால் சென்சார் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். அவர்களுக்குப் பின் நம்பரே போதும்.

தானாக விரல் படுகிறதா?

யாரும் தொடாமலே திரை தானாக எழுத்தடிப்பதும், ஆப் திறப்பதும் ‘கோஸ்ட் டச்’. சிரிப்பாகத் தோன்றும், ஆனால் ஆபத்தானது. தப்பான பின் நம்பர் பலமுறை பதிவாகி போன் பூட்டிக்கொள்ளலாம். யாருக்கோ கால் போகலாம்.

சார்ஜரை எடுத்துவிட்டுப் பாருங்கள். மட்டமான சார்ஜரில் வரும் மின் இரைச்சலே சில நேரம் காரணம். டெம்பர் கிளாஸைக் கழற்றிப் பாருங்கள். ‘டச் சென்சிட்டிவிட்டி’யைக் கூட்டி வைத்திருந்தால் குறையுங்கள். பிறகு போனை ‘சேஃப் மோட்’டில் போட்டுப் பாருங்கள். அங்கே கோளாறு இல்லை என்றால் ஏதோ ஓர் ஆப்தான் காரணம். அங்கேயும் விரல் தானாகப் பட்டால் டிஸ்ப்ளேதான் சரியில்லை. மாற்றித்தரச் சொல்ல வேண்டியதுதான்.

கடையில் நன்றாக இருந்த டச், சில நாள் கழித்து ஓர் அப்டேட்டுக்குப் பிறகு நின்றுபோவதும் உண்டு. 2018-ல் ஆப்பிளின் ஐஓஎஸ் 11.3 அப்டேட் வந்தபோது, வெளிக்கடைகளில் திரை மாற்றிய ஐபோன் 8 சிலவற்றில் டச் வேலை செய்யாமல் போனது. ஏப்ரல் மாதத்திலேயே 11.3.1 அப்டேட் மூலம் ஆப்பிள் அதைச் சரிசெய்தது. ஆகவே எல்லாப் பழியும் மெக்கானிக் தலையில் விழ வேண்டியதில்லை. டிஸ்ப்ளே மாற்றியபின் அப்டேட் போடுகிறீர்கள் என்றால், போட்டோக்களையும் கான்டாக்ட்களையும் முதலில் பேக்கப் எடுத்துக்கொள்ளுங்கள்.

குரல் கேட்கவில்லை, வெயிலில் தெரியவில்லை, சார்ஜ் நிற்கவில்லை!

காது ஸ்பீக்கரில் சத்தம் கிணற்றுக்குள் இருந்து வருவது போல் கேட்டால், அதன் வலையில் பசையோ தூசியோ அடைத்திருக்கும். திரவப் பசை ஊற்றி ஒட்டும் யூவி டெம்பர் கிளாஸிலும் இப்படி ஆகும். அந்தப் பசை ஸ்பீக்கருக்குள்ளும் பட்டனுக்குள்ளும் இறங்கிவிடும். ஊசியால் குத்தாதீர்கள். கடையில் சுத்தம் செய்து தரச் சொல்லுங்கள்.

திரையின் வெளிச்சம் தானாகக் கூடிக் குறையவில்லை என்றால் லைட் சென்சார் மறைந்திருக்கிறது. ஐபோனில் ‘ட்ரூ டோன்’ என்ற வசதி காணாமல் போயிருந்தால், பழைய திரையிலிருந்த சிப்பின் தகவல் புதிய திரைக்கு மாற்றப்படவில்லை என்று பொருள். பல மாடல்களில் இதை மாற்றித்தரும் கருவி மெக்கானிக்குகளிடம் உண்டு. ஆனால், பழைய டிஸ்ப்ளே கைவசம் இருந்தால்தான் முடியும்.

சார்ஜ் சீக்கிரம் தீர்வதற்கும் டிஸ்ப்ளே வகை காரணமாகலாம். அமோலெட்டில் கறுப்பு நிறம் என்றால் அந்தப் புள்ளி அணைந்திருக்கிறது என்று அர்த்தம். அதன் இடத்தில் எல்சிடி காப்பி வந்தால், கறுப்பாகத் தெரியும்போதும் பின்னால் விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். அப்படியென்றால் ‘டார்க் மோட்’ போட்டும் பெரிய மிச்சம் இருக்காது. ‘ஆல்வேஸ் ஆன் டிஸ்ப்ளே’ இருந்தால் உடனே அணைத்துவிடுங்கள்.

மலைக்குப் போகிறவர்கள் கட்டாயம் கவனிக்க வேண்டியது தண்ணீர். போன் வாங்கும்போது ‘மழையில் நனைந்தாலும் ஒன்றும் ஆகாது’ என்று சொல்லியிருக்கலாம். அந்தப் பாதுகாப்பைத் தருவது திரை விளிம்பில் உள்ள பசை. ஒருமுறை பிரித்துவிட்டால் அந்தப் பசை போய்விடும். மீண்டும் ஒட்டினாலும் பழைய உறுதி இருக்கும் என்று சொல்ல முடியாது. ஆனி, ஆடியில் சாரல் விடாத ஏலத்தோட்டத்தில், டிஸ்ப்ளே மாற்றிய போனை ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு எடுத்துப்போவதே நல்லது.

கேட்க வேண்டிய ஒரே கேள்வி: இது என்ன டிஸ்ப்ளே?

“ஒரிஜினலாண்ணே?” என்று கேட்டால் “ஒரிஜினல் மாதிரியே இருக்கும்” என்று பதில் வரும். அந்த ‘மாதிரி’யில்தான் எல்லாமே இருக்கிறது. கடைகளில் பொதுவாக நான்கு வகை உண்டு. கம்பெனியின் சர்வீஸ் பேக். பழைய ஒரிஜினல் பேனலில் மேல் கண்ணாடியை மட்டும் மாற்றியது. காப்பி ஓஎல்இடி. எல்சிடி காப்பியான இன்செல் அல்லது டிஎஃப்டி. விலையும் இந்த வரிசையிலேயே பெரும்பாலும் இறங்கும்.

காப்பி போடுவது தப்பில்லை. மூவாயிரம் நாலாயிரம் மட்டுமே பெறும் பழைய போனுக்கு, அதே அளவு பணம் கொடுத்து ஒரிஜினல் டிஸ்ப்ளே போட யாருக்கும் மனம் வராது. அந்த நேரத்தில் பக்கத்துக் கடை அண்ணன் போட்டுத்தரும் காப்பிதான் பல வீடுகளில் போனை உயிரோடு வைத்திருக்கிறது. ஆனால், எதை இழக்கப்போகிறோம் என்று தெரிந்து போட வேண்டும். “இதைப் போட்டால் கைரேகை வேலை செய்யுமா? வெயிலில் தெரியுமா? எத்தனை நாள் வாரன்ட்டி?” இந்த மூன்றையும் கேளுங்கள். பதிலை பில்லில் எழுதித்தரச் சொல்லுங்கள்.

கண்ணாடி மட்டும் உடைந்து, படமும் டச்சும் நன்றாக இருந்தால், மேல் கண்ணாடியை மட்டும் மாற்றித்தரும் கடைகளும் இருக்கின்றன. ஒரிஜினல் பேனல் நம்மிடமே இருக்கும் என்பதால், கைரேகை போன்ற வசதிகள் தப்பிக்க வாய்ப்பு அதிகம். ஆனால், பிரிக்கும்போது பேனலே போய்விடும் அபாயமும் இருக்கிறது. அதையும் முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள்.

கவுன்டரிலேயே 10 நிமிடம்

போனைக் கொடுக்கும் முன்:

1. பேக்கப் எடுங்கள். சிம்மையும் மெமரி கார்டையும் கழற்றி வைத்துக்கொள்ளுங்கள்.

2. பின் நம்பரைச் சொல்லாதீர்கள். சாம்சங் போன்களில் ‘மெயின்டனன்ஸ் மோட்’, பிக்சலில் ‘ரிப்பேர் மோட்’ இருக்கிறது. அதைப் போட்டுவிட்டால் போட்டோ, மெசேஜ் எதுவும் வெளியே தெரியாது. மெக்கானிக் சோதனை மட்டும் செய்துகொள்ளலாம்.

3. திரை ஓரளவு தெரிந்தால், எவையெல்லாம் இப்போது வேலை செய்கின்றன என்று கடைக்காரரோடு சேர்ந்தே பார்த்துவிடுங்கள். பின்னால் ‘முன்பே இப்படித்தான் இருந்தது’ என்ற பேச்சுக்கு இடமிருக்காது. இது கடைக்காரருக்கும் பாதுகாப்பு.

வாங்கும்போது:

1. சிம்மைப் போட்டு ஒரு கால் செய்யுங்கள். காதில் வைத்தால் திரை அணைகிறதா, எடுத்தால் எரிகிறதா? குரல் இரு பக்கமும் தெளிவாகக் கேட்கிறதா?

2. கைரேகை, முகம் இரண்டையும் புதிதாகப் பதிந்து பாருங்கள்.

3. ஏதாவது ஓர் ஆப்பின் ஐகானை அழுத்திப் பிடித்து, திரை முழுக்க, மூலை வரை இழுத்துப் பாருங்கள். எங்காவது விரலிலிருந்து விடுபட்டால் அந்த இடத்தில் டச் இல்லை.

4. முழு வெள்ளை, முழு கறுப்பு படம் ஒன்றைத் திறந்து, புள்ளியோ கறையோ இருக்கிறதா என்று பாருங்கள். கடைக்கு வெளியே வெயிலில் ஒருமுறை பாருங்கள். லைட் சென்சாரைக் கையால் மூடித் திறந்து, வெளிச்சம் மாறுகிறதா என்று கவனியுங்கள்.

5. செல்ஃபி எடுங்கள். வாய்ஸ் மெசேஜ் பதிந்து கேளுங்கள். சார்ஜர் மாட்டிப் பாருங்கள். விளிம்பில் விரலால் தடவி, எங்காவது திரை தூக்கிக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள்.

6. சாம்சங் போன்களில் கால் செய்யும் இடத்தில் *#0*# என்று அடித்தால், பெரும்பாலான மாடல்களில் சோதனைப் பக்கம் திறக்கும். ரெட்மி, போக்கோ போன்களில் *#*#6484#*#* என்று அடிக்கலாம். டச், நிறம், சென்சார் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக அங்கே சோதிக்கலாம்.

7. ஐபோன் 11-க்குப் பிந்தைய மாடல்களில் செட்டிங்ஸ் > ஜெனரல் > அபவுட் பகுதியைப் பாருங்கள். திரை மாற்றப்பட்டிருந்தால், அது ஒரிஜினலா, அடையாளம் தெரியாத பாகமா என்று போனே சொல்லிவிடும்.

8. பழைய டிஸ்ப்ளேயைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஐபோன் எக்ஸ் முதல் 12 வரையிலான மாடல்களில் இது ரொம்ப முக்கியம். காது ஸ்பீக்கரோடு சேர்ந்த சென்சார் பட்டை அந்த போனுக்கு மட்டுமே உரியது. அது பழைய டிஸ்ப்ளேயோடு போய்விட்டால் ஃபேஸ் ஐடியும் போய்விடும்.

கம்பெனி போடும் பூட்டு

மெக்கானிக் ஒரு தவறும் செய்யவில்லை, டிஸ்ப்ளேயும் நல்லது, ஆனாலும் ஒரு வசதி வேலை செய்யவில்லை என்றால்? அங்கேதான் கம்பெனியின் மென்பொருள் வருகிறது. சில பாகங்களை அந்தந்த போனோடு ‘ஜோடி’ சேர்த்துவிடுகிறார்கள். வேறு பாகம் வந்தால் போன் அதை ஏற்காது.

இதில் உலகம் முழுக்கப் பேசப்பட்டது ‘எரர் 53’. வெளிக்கடைகளில் ஹோம் பட்டனோ திரையோ மாற்றிய ஐபோன்கள், அப்டேட் போட்டதும் இந்த எண்ணைக் காட்டிவிட்டு முழுதாக முடங்கின. 2016-ல் இது பெரிய பிரச்னை ஆனது. ஆப்பிள் மன்னிப்புக் கேட்டு, போன்களை மீட்கும் அப்டேட்டைக் கொடுத்தது. ஆஸ்திரேலியாவின் நுகர்வோர் ஆணையம் இதை நீதிமன்றத்துக்குக் கொண்டுபோனது. 2018 ஜூனில் ஆப்பிளுக்கு 90 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. வெளிக்கடையில் ரிப்பேர் செய்தார் என்ற ஒரே காரணத்துக்காக, வாடிக்கையாளரின் சட்ட உரிமையை மறுக்க முடியாது என்பதுதான் அந்த வழக்கின் சாரம்.

2021-ல் ஐபோன் 13 வந்தபோது மீண்டும் அதே கதை. வெளிக்கடையில் திரை மாற்றினால் ஃபேஸ் ஐடி நின்றுபோனது. திரையில் இருந்த ஒரு துளி சிப்பை மைக்ரோஸ்கோப் வைத்துப் பெயர்த்து, புதிய திரையில் ஒட்டினால்தான் வேலை செய்தது. எதிர்ப்பு கிளம்பியதும், நவம்பரில் ஆப்பிள் இறங்கிவந்து, அப்டேட்டில் சரிசெய்வதாக அறிவித்தது. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலம் 2024-ல் இப்படி ஜோடி சேர்க்கும் வழக்கத்துக்கே கட்டுப்பாடு விதித்துச் சட்டம் போட்டது.

நம் நாட்டிலும் பேச்சு தொடங்கிவிட்டது. மத்திய நுகர்வோர் விவகாரத் துறை, ‘ரிப்பேர் செய்யும் உரிமை’க்காக 2022 ஜூலையில் ஒரு குழு அமைத்தது. அதே ஆண்டு டிசம்பர் 24, தேசிய நுகர்வோர் தினத்தன்று ஓர் இணையதளமும் தொடங்கப்பட்டது. விவசாயக் கருவிகள், மொபைல் மற்றும் எலெக்ட்ரானிக் பொருட்கள், வீட்டு உபயோகப் பொருட்கள், வாகனங்கள் என நான்கு துறைகள் அதில் இருக்கின்றன. ஒரு போனை ரிப்பேர் செய்வது எவ்வளவு எளிது என்று மதிப்பெண் கொடுக்கும் திட்டத்துக்கான குழு, 2025 மே மாதத்தில் தன் அறிக்கையைக் கொடுத்தது. அந்த மதிப்பெண் போன் பெட்டியிலேயே வரும் நாளில், கேமரா எத்தனை மெகாபிக்சல் என்று பார்ப்பது போல, டிஸ்ப்ளே மாற்றுவது எளிதா என்றும் பார்த்து வாங்கலாம்.

கடையில் மறுத்தால் என்ன செய்வது?

முதலில் பேசிப் பாருங்கள். மலிவு டிஸ்ப்ளேயில் கோளாறு வருவது கடைக்காரருக்கும் தெரியும். வாரன்ட்டி நாளுக்குள் போனால் மாற்றித்தரும் கடைகள்தான் அதிகம். போகும்போது பில்லும், குறையைக் காட்டும் சின்ன வீடியோவும் கையில் இருக்கட்டும்.

காசு வாங்கிக்கொண்டு கைவிரித்தால், 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் தமிழிலேயே புகார் செய்யலாம். ஒரிஜினல் என்று சொல்லிக் காப்பியைப் போடுவதும், ரிப்பேரில் குறை வைப்பதும் 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருகின்றன. தேனியிலேயே மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணம் கிடையாது. பிரச்னை எழுந்த 2 ஆண்டுகளுக்குள் புகார் செய்ய வேண்டும். இதற்கெல்லாம் அடிப்படை அந்த ஒற்றைக் காகிதம்தான். பில் இல்லாமல் வாங்கியிருந்தால், ஜிபே, போன்பேயில் பணம் அனுப்பிய பதிவையாவது அழிக்காமல் வைத்திருங்கள்.

ஒரே ஒரு எச்சரிக்கை: வீடியோ பார்த்து வீட்டிலேயே போனைப் பிரிக்க முயலாதீர்கள். திரைக்கு அடியில் இருப்பது லித்தியம் பேட்டரி. ஸ்க்ரூ டிரைவர் நுனி பட்டால் தீப்பிடிக்கும்.

சரி, அந்த ஏலத்தோட்டத்து அம்மாவின் போன்? மகன் அடுத்த ஞாயிறு கடைக்குப் போகும்போது சண்டைக்குப் போக வேண்டியதில்லை. “அண்ணே, சென்சார் ரப்பர் இருக்கான்னு ஒருக்கா பிரிச்சுப் பாருங்க” என்று கேட்டால் போதும். காதில் வைத்ததும் திரை அணையும். அமோலெட் இடத்தில் எல்சிடி போட்டிருந்தால் கைரேகை திரும்ப வராது. அதற்கு நான்கு இலக்க நம்பரை அம்மா மனப்பாடம் செய்துகொள்வார். எத்தனை வருடம் எத்தனை கூலிக்கணக்கை மனதிலேயே வைத்திருந்தவர் அவர்! மலை மேலிருந்து மாலையில் வருகிற “ஜீப் ஏறிட்டேன்ப்பா” என்ற அந்த ஒரு கால் நடுவில் கட்டாகாமல் இருந்தால் போதும்தானே?